முழுப் பேரையும் வாசிச்சன்

என்ட பேரைக் கேட்டீங்க, சொல்லுறன். ஆனா ஒரு தரம்தான் சொல்லுவன். யதுர்சிகா. சுருக்க வேண்டாம், நீட்ட வேண்டாம், "ஆ, துர்க்காவோ?" எண்டு திருப்பிக் கேட்கவும் வேண்டாம் அக்கா. இந்தப் பதினெட்டு வயசுக்குள்ள சனம் எனக்கு வைச்ச பேர்களை எழுதினா ஒரு வாக்காளர் இடாப்பே போடலாம்.

நான் கந்தளாயில இந்த பஸ்ஸில ஏறினனான். திருக்கோணமலைக்குத்தான். நீங்களும் அங்கதானோ? எந்த இடம்? ஓ, அந்த ரோட்டோ. கோயிலுக்கு இந்தப் பக்கமோ, அங்கால் பக்கமோ? சரி, சரி. சும்மாதான் கேட்டன்.

கந்தளாயில எனக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை. ஒரு பொய் சொல்லப் போயிட்டு வாறன். அப்படிப் பார்க்காதீங்க. நான் பொய் சொல்லுற ஆள் இல்லை. அதனாலதான் இவ்வளவு பிரச்சினையும்.

ஓ.எல். சோதினையோட பள்ளிக்கூடத்தை விட்டிட்டன். கணக்கு வரேல்லை, மற்றதெல்லாம் வந்தது, ஆனா கணக்கு வராட்டி மற்றது வந்ததை ஒருத்தரும் கணக்கெடுக்க மாட்டாங்கள். பிறகு ஒரு பயிற்சி நிலையத்தில சேர்ந்து ஃப்ரிட்ஜ், ஏ.சி. திருத்தப் படிச்சன். ஆறு மாசம். பத்தொன்பது பேர். அதில பதினேழு பெடியங்கள். பெட்டையள் ரெண்டே ரெண்டு பேர், நானும் ஹிருணியும்.

முதல் நாள் அபேகோன் சேர் இடாப்பைத் திறந்து "பத்மலிங்கம்" எண்டார். நான் பேசாம இருந்தன். ஏனெண்டா அது நானில்லை. அது என்ட அப்பா. மன்னாருக்கு லொறி ஓடப் போறன் எண்டு போய், ஒன்பது வருசமா அங்கயே வேறொரு வீட்டில இருக்கிற மனுசன். எங்கட வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, அப்பாட பேர் முன்னுக்கு, எங்கட பேர் பின்னுக்கு. பத்மலிங்கம் யதுர்சிகா. இதில விளங்காம இருக்க என்ன இருக்கு? சேர் திரும்பவும் "பத்மலிங்கம் வரேல்லையா?" எண்டார். நான் எழும்பிச் சொன்னன், "அவர் வரமாட்டார் சேர். மன்னாரில இருக்கிறார்." வகுப்பு முழுக்கச் சிரிச்சது. சேருக்குக் கோபம்.

மூண்டாம் நாள் அது "பத்மா" ஆப் போச்சு. சேருக்கு நாக்கு நோகுதாம். யோசிச்சுப் பாருங்க அக்கா. விட்டிட்டுப் போன அப்பாவைப் பாதியா வெட்டி, பொம்பிளைப் பேராக்கி, என்ட தலையில வைச்சாங்கள். "பத்மா, ஸ்பானரைத் தா." "பத்மா, காஸ் முடிஞ்சுது." ஆறு மாசம்.

எங்கட ஆக்கள் மட்டும் திறமோ? ஹிருணியை "இருணி, இருணி" எண்டுதான் கூப்பிட்டாங்கள். 'ஹ' எண்டு கொஞ்சம் மூச்சு விட்டா உயிரும் சேர்ந்து போயிடும் எண்டு பயம். நிலையத்துக்குப் பொறுப்பு நவரெத்தினராசா சேர். முப்பது வருசம் அரசாங்கச் சம்பளம் எடுத்த மனுசன், அபேகோன் சேருக்கு நேர நிண்டு "அப்பகோன்" எண்டு கூப்பிடுவார். அபேகோன் சேர் அவரை "நவரட்ணராஜ்" எண்டுவார். ரெண்டு பேரும் மாறி மாறிப் பேரைக் கொலை செய்துகொண்டு, ஒண்டா இருந்து தேத்தண்ணி குடிப்பினம்.

எனக்கு மட்டும் தமிழ், சிங்களம் ரெண்டும் வரும். அப்பா போன பிறகு அம்மா ஹபரணையில ஒரு ஹோட்டல் குசினியில வேலை செய்தவ. நாலு வருசம் நான் சிங்களப் பிள்ளைகளோடதான் விளையாடினன், சண்டை பிடிச்சன். சண்டை பிடிச்சாத்தான் பாஷை வரும். ஃபோனில நான் கதைச்சா நான் தமிழ் எண்டு ஒருத்தனும் சொல்ல மாட்டான். பெருமைக்குச் சொல்லேல்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்லுறன்.

ஹிருணி கந்தளாய்ப் பிள்ளை. முதல் நாள் இடைவேளைக்கு என்னட்ட வந்து, "உன்னை வீட்டில என்னெண்டு கூப்பிடுவாங்க?" எண்டு கேட்டாள். அவ்வளவுதான். ஆறு மாசத்தில அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான். "யது" எண்டன். அண்டையில இருந்து யதுதான். ஒரு தரம்கூடப் பிழைக்கேல்லை. பெடியங்கள் "பத்மா" எண்டா, அவள் திரும்பி "அப்படி ஒருத்தரும் இஞ்ச இல்லை" எண்டுவாள்.

அவளின்ட பேருக்கு முன்னால மூண்டு எழுத்து இருந்தது. இந்த எழுத்துக்கு என்ன விரிவு எண்டு ஒருநாள் கேட்டன். "அது பழைய கதை, விடு" எண்டாள். நானும் விட்டிட்டன்.

சிங்கள ஆக்களுக்கு, அக்கா, சொந்தப் பேருக்கு முன்னால ஒரு வீட்டுப் பேர் இருக்கும். "இன்னாற்ற வீட்டு ஆள்" எண்டு அர்த்தம் வாற மாதிரி, 'கே' எண்டு முடியும். சில வீட்டுப் பேர் ரயில் மாதிரி நீளும். பிறப்புச் சான்றிதழில முழுசா இருக்கும், மற்ற இடமெல்லாம் எழுத்தாச் சுருங்கிடும். அழகான பேர்கள். நூறு வருசம், இருநூறு வருசம் பழசு. அதைப் போய் எழுத்தாக்கிறதோ எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வரும். முன் பேரை வெட்டிச் சுருக்கினதாலதானே நான் ஆறு மாசம் சீரழிஞ்சன்.

சரி, இப்ப விழாக் கதைக்கு வாறன்.

சான்றிதழ் குடுக்கிற விழாவுக்கு நவரெத்தினராசா சேர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, உனக்கு ரெண்டு பாஷையும் வரும், நீ பேர் வாசி" எண்டார். கையில ஒரு பட்டியலைத் தந்தார். எல்லாம் எழுத்து. டி.எம்., ஏ.ஜி., எஸ்.பி. வாகன இலக்கத் தகடு மாதிரி. நான் நினைச்சன், இண்டைக்கு ஒருத்தரும் தகடாப் போகக் கூடாது. கந்தோரில இருந்த கிளாக் அக்காவிட்ட எல்லாரின்ட பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் வாங்கி, பத்தொன்பது முழுப் பேரையும் கொப்பியில எழுதினன். ஒரு கிழமை குளியலறைக்குள்ள நிண்டு வாசிச்சுப் பழகினன். அம்மா கதவில தட்டி, "ஆரடி உள்ளுக்க, இவ்வளவு ஆம்பிளையளின்ட பேர் கேட்குது?" எண்டா.

ஹிருணிக்குச் சொல்லேல்லை. அவளுக்கு அது ஒரு பரிசா இருக்கட்டும் எண்டு.

விழாவில முதல் பேர் "விஜேசுந்தர முதியன்சேலாகே தனுக ஜீவந்த." இடையில மூச்சு விடேல்லை, ஒரு எழுத்து முழுங்கேல்லை. முன் வரிசையில அவனின்ட அப்பா நெஞ்சை நிமித்திக்கொண்டு எழும்பினார். அடுத்தது இராசையா கோகுலராஜ், அதுக்கடுத்தது முகம்மது லெப்பை ஹஸீப். ஒவ்வொரு பேருக்கும் கைதட்டு. அபேகோன் சேர் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார். இடையில ரெண்டு பெடியங்கள் பேர் வாசிக்கேக்க குனிஞ்சுகொண்டுதான் மேடைக்கு வந்தாங்கள். கூச்சமாக்கும் எண்டு நான் கவனிக்கேல்லை.

பிறகு ஹிருணி. அவளின்ட முழுப் பேரையும் வாசிச்சன். நான் வாசிச்சதிலயே திறமா வாசிச்சது அதுதான்.

என்ன பேர் எண்டு இஞ்ச சொல்ல மாட்டன். பஸ்ஸுக்குள்ள எத்தினை காது.

கைதட்டு வரேல்லை. பின் வரிசையில ஆரோ "ஹ்ம்" எண்டு மூக்கால சிரிச்சாங்கள். ஹிருணி மேடைக்கு வந்தாள், சான்றிதழை எடுத்தாள், என்னைப் பார்க்காமலே இறங்கிப் போனாள். நாலாம் வரிசையில மஞ்சள் சாறி கட்டின ஒரு மனுசி ஹாண்ட்பேக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனா. அவதான் சமித்தின்ட அம்மா. ஹிருணியைக் கட்டப்போற பெடியன் சமித். மருமகளாகப் போறவள் படிச்சு முடிச்சிருக்கிறாள், பார்ப்பம் எண்டு பக்கத்து வீட்டு மனுசியையும் கூட்டிக்கொண்டு வந்தவ.

விழா முடிய, பின்னுக்குத் தண்ணிக் குழாயடியில ஹிருணி நிண்டாள்.

"யார் உன்னிட்டக் கேட்டது?" எண்டாள்.

"உன்ட பேரைத்தானே வாசிச்சன். பிழையா வாசிச்சனா?"

"பிழையா வாசிச்சிருக்கக் கூடாதா யது?"

எனக்கு அப்பவும் விளங்கேல்லை. பிறகு எங்களோட படிச்ச ஒருத்தன் சொல்லித்தான் விளங்கினது. அந்த வீட்டுப் பேரைக் கேட்டா, ராசா காலத்தில அந்தக் குடும்பம் என்ன வேலை செய்தது எண்டு சிங்கள ஆக்களுக்கு உடனே தெரியுமாம். அவளின்ட ஆக்கள் பெரஹரா ஊர்வலத்தில மேளம் அடிச்ச ஆக்கள். அவளின்ட தாத்தா காலத்தில குருநாகல் பக்கமிருந்து கந்தளாய்க்குக் குடியேற வந்தவை. கந்தளாயில எல்லாரும் எங்கயிருந்தோ வந்த ஆக்கள்தானே, மூண்டு எழுத்தோட கப்சிப்பா இருந்திட்டினம். அவளின்ட அப்பா பேப்பரில அறிவித்தல் போட்டு, அந்தப் பேரைச் சட்டப்படி நீக்கச் சொல்லி விண்ணப்பமும் குடுத்திருக்கிறார். ரெண்டு மாசத்தில புதுச் சான்றிதழ் வரும் எண்டு சொல்லியிருக்கினம். அதுக்குப் பிறகுதான் கலியாண எழுத்து எண்டு நாள் வைச்சிருந்தவை.

ரெண்டு மாசம். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.

மேளம் அடிச்சதில என்ன அக்கா வெட்கம்? இந்தச் சிங்கள ஆக்களின்ட விசரை என்னெண்டு சொல்லுறது. எங்களிட்ட இப்படி இல்லை. எங்கட கோயிலுக்கும் மேளம் அடிக்கிற ஆக்கள் வருவினம், அடிப்பினம், அவைக்கெண்டு வைச்ச இடத்தில இருந்து சாப்பிடுவினம், போவினம். ஒரு பிரச்சினையும் இல்லை. எங்கட பேரில சாதி இல்லை. அதுதான் எங்கட நாகரிகம்.

என்ன சிரிக்கிறீங்க? சரி, விடுங்க.

ஹிருணி ஃபோன் எடுக்கேல்லை. பன்னிரண்டு நாள். பதின்மூண்டாம் நாள் சமித் எங்கட வீட்டு வாசலில வந்து நிண்டான். மெலிஞ்ச பெடியன். தலையில ஹெல்மெட்டோடயே நிண்டு, தங்கச்சி முறை வைச்சுக் கதைச்சான்.

"நங்கி, நீ வந்து அம்மாவிட்ட ஒரு சொல்லுச் சொல்லோணும்."

"என்ன சொல்லு?"

"நீ பிழையா வாசிச்சிட்டாய் எண்டு. வேற ஆரின்டயோ வீட்டுப் பேரை அவளின்ட பேரோட சேர்த்து வாசிச்சிட்டாய் எண்டு."

"நான் பிழையா வாசிக்கேல்லை."

"தெரியும். அதாலதானே கேட்க வந்தனான்."

"உனக்கு இந்தப் பேர் முதலே தெரியுமோ?"

"எனக்குத் தெரியும். எனக்கு ஒண்டும் இல்லை. அம்மாதான் அந்தப் பிள்ளை வேண்டாம் எண்டுறா. கலியாணத்தை நிப்பாட்டிட்டா. நீ தமிழ்ப் பிள்ளை. உனக்குச் சிங்களப் பேர் வாசிக்கத் தெரியாது எண்டா சனம் உடனே நம்பும்."

உடனே நம்புமாம். கேட்டீங்களோ? ஒரு கிழமை குளியலறையில நிண்டு பழகினது இதுக்கோ? போடா எண்டு சொல்ல வாய் எடுத்தனான். ஹெல்மெட்டுக்குள்ள அவனின்ட கண் சிவந்து கிடந்தது. நாளைக்கு வாறன் எண்டிட்டன்.

அதுதான் இண்டைக்குப் போனது.

வாய்க்கால் கரையில வீடு. சமித்தின்ட அம்மா என்னைக் கண்டதும், "மேடையில நிண்ட பிள்ளை" எண்டா. வா எண்டு சொல்லேல்லை, போ எண்டும் சொல்லேல்லை. நான் உள்ளுக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு, வழி முழுக்கப் பாடமாக்கினதைத் தொடங்கினன். "அம்மே, அன்றைய தினம் என்னால் நேர்ந்த பெரும் தவறுக்காக உங்களிடம் மன்னிப்புக் கோர வந்திருக்கிறேன். சிங்களப் பெயர்களைச் சரிவர வாசிக்கும் ஆற்றல் எனக்கு இல்லை." இந்த மாதிரித்தான், சிங்களத்தில. ரேடியோவில செய்தி வாசிக்கிறவள் தோத்துப் போவாள். அண்டைக்கு விழாவுக்கு ஒரு பெடியன் வரேல்லை, அவனின்ட வீட்டுப் பேர் மேல் வரியில இருந்தது, கண் தவறி அதை வாசிச்சிட்டன் எண்டு அஞ்சு நிமிசம் சொன்னன். அப்படி ஒரு பெடியனே இல்லை அக்கா. பத்தொன்பது பேரும் வந்தவங்கள்.

மனுசி கடைசி வரைக்கும் கேட்டா. பிறகு பிளேன்ரித் தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சிட்டு, மகளெண்டு கூப்பிட்டுச் சொன்னா, "என்ட மகனுக்கும் இவ்வளவு நல்ல சிங்களம் வராது. சிங்களம் தெரியாது எண்டதை இவ்வளவு வடிவான சிங்களத்தில நான் கேட்டதே இல்லை துவ."

சமித் நெத்தியில கையை வைச்சிட்டான்.

எனக்குக் காது சூடாப் போச்சு. ஆனா உண்மையைச் சொல்லுறன், கொஞ்சம் சந்தோசமாயும் இருந்தது. பொய் சொல்லப் போன இடத்திலயும் எனக்கு ஒரு எழுத்துப் பிழைக்க மனம் வரேல்லை. சரி, பிடிபட்டாச்சு, எழும்பிப் போவம் எண்டு கதிரையைத் தள்ளினன்.

"இரு" எண்டா மனுசி. யன்னலால பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்தா. "என்ட பிள்ளை ஒழுங்காச் சாப்பிட்டு ரெண்டு கிழமை. எனக்கும் அவளைப் பிடிக்கும். வந்தா கோப்பை கழுவாமப் போக மாட்டாள். ஆனா அந்தச் சோமலதாவும் அண்டைக்கு விழாவுக்கு வந்தவ. ஊர் முழுக்க அவதான் கொண்டு திரியிறா."

நான் கதிரையைத் திரும்ப இழுத்தன்.

"அவவைக் கூப்பிடுறன். இதையே அவவுக்கும் சொல்லு. ஆனா துவ, இப்படிச் சொல்லாத. உங்கட ஆக்கள் சிங்களம் கதைக்கிற மாதிரிச் சொல்லு."

கேட்டீங்களோ அக்கா. மனுசிக்கு உண்மை தெரியும். தெரிஞ்சும் பொய்தான் வேணும். அதுவும் நல்ல பொய்யாம். நான் சொன்னது தரம் காணாதாம்! இவ்வளவு காலமும் சனம் என்னைச் சரியாச் சொல்லேல்லை எண்டு சண்டை பிடிச்சன். இப்ப நான் பிழையாச் சொல்லோணுமாம், அதையும் திறமாச் சொல்லோணுமாம்.

சோமலதா வந்தா. தனிய வரேல்லை, இன்னும் ரெண்டு பேரோட. மூண்டு பேரும் வரிசையா வாங்கிலில இருந்திச்சினம், நாடகம் பார்க்க வந்த மாதிரி. நான் தொடங்கினன். சொல்லை நடுவில முறிச்சன். மூச்செழுத்தை முழுங்கினன். வந்தான், வந்தாள், வந்தது எல்லாத்தையும் ஒண்டாக் குழைச்சன். அண்டைக்கு வாசிச்ச பேரெல்லாம் ஆரோ தமிழ் எழுத்தில எழுதித் தந்து பாடமாக்கினது எண்டும் சேர்த்தன். ஆரைப் போலக் கதைச்சனான் தெரியுமோ? என்ட அம்மாவைப் போல. ஹபரணைக் குசினியில நாலு வருசம் அவ கதைச்ச சிங்களம். அது எனக்கு அச்சொட்டா வரும். சின்னனில அதைக் கேட்டா ஓடி ஒளிஞ்சிடுவன்.

மூண்டு பேரும் சிரிச்சினம். நல்ல சிரிப்பு, பொல்லாத சிரிப்பு இல்லை. அதுதான் இன்னும் மோசம். "அனே பாவம்" எண்டிச்சினம். சோமலதா மட்டும் லேசில விடேல்லை. "எங்க, அந்தப் பிள்ளையின்ட பேரை இப்ப சொல்லு பார்ப்பம்" எண்டா.

"இருணி" எண்டன்.

"இருணி இல்லை பிள்ளை, ஹிருணி. மூச்சை விட்டுச் சொல்லு. ஹி."

"கிருணி."

வாங்கில் குலுங்கிச்சுது. பக்கத்தில இருந்த மனுசி என்ட தாடையைப் பிடிச்சு, "ஹி, ஹி" எண்டு தன்ர வாயைக் காட்டிப் படிப்பிக்கிறா. மூண்டாந்தரமும் பிழையாச் சொன்னன். ஏ.சி. கொம்ப்ரசர் தூக்கின எனக்கு அதைவிடப் பாரமான வேலை ஒண்டும் கிடைக்கேல்லை. சோமலதா கண்ணைத் துடைச்சுக்கொண்டு எழும்பி, "இவள்தானோ அண்டைக்கு மைக் பிடிச்சவள்? இதுக்கோ இவ்வளவு கதை!" எண்டா. ஊர் முழுக்கக் கொண்டு திரிஞ்ச வாய், நாளைக்கு இதையும் கொண்டு திரியும். அது அவவுக்கு இன்னும் நல்ல கதை.

சமித்தின்ட அம்மா எனக்கு ஒரு பை நிறைய மாங்காய் தந்தா. இந்தா, காலடியில கிடக்கு. வேணுமெண்டா எடுங்க, எனக்கு வேண்டாம்.

கலியாணம் நடக்குமாம். அதே நாளில. வாசலில சமித் ஹெல்மெட்டைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு நிண்டான்.

"நங்கி, ஒண்டு சொல்லோணும். கலியாண வீட்டுக்குச் சோமலதாவும் வருவா."

"வரட்டும். எனக்கென்ன?"

"நீ அங்க வந்து ஆரோடயும் கதைச்சா…"

"வராதே எண்டுறியோ?"

"வந்து பேசாம இருப்பியா?"

அவன் என்ட முகத்தைப் பார்த்திட்டு, "ஏலாதுதானே" எண்டான். விசரன், ஆனா ஆளை அளந்து வைச்சிருக்கிறான்.

பிறகு ஃபோனை நீட்டினான். ஹிருணி. பதினாலு நாளைக்குப் பிறகு.

"சமித்தின்ட அம்மா எல்லாம் சொன்னா" எண்டாள். "நன்றி."

நன்றி எண்டது அவள் ஒரு நாளும் எனக்குச் சொன்ன சொல் இல்லை. சாப்பாட்டைப் பறிச்சுத் திண்டிட்டு முதுகில ஒரு அடி போடுவாள், அவ்வளவுதான் எங்களுக்குள்ள. நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தனான். சத்தியமா. ஆனா வந்தது வேற.

"நான் சரியாத்தான் வாசிச்சன்" எண்டன்.

பிறகு சொன்னாள், "ஓம். நீ சரியாத்தான் வாசிச்சாய்." பேர் சொல்லேல்லை. யது எண்டு சொல்லேல்லை. ஃபோனை வைச்சிட்டாள்.

கேட்டீங்கதானே அக்கா? அவளே ஒத்துக்கொண்டாள். நான் சொல்ல வைக்கேல்லை. அவளே தன்ர வாயால ஒத்துக்கொண்டாள்.

கொஞ்சம் தள்ளி இருங்க, யன்னலைத் திறக்கோணும். தூசியெண்டாலும் பரவாயில்லை.